எத்தியோப்பியச் சாப்பாடும் நம்ம தோட்டத்துப் பந்தியும்



போன வருஷம் மெல்பர்னில் இருக்கிற அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். அங்கே புட்ஸ்கிரே வட்டாரத்தில் ஓர் எத்தியோப்பியக் குடும்பம் நடத்துற கடையில சாப்பிட்டேன்னு சொன்னதிலிருந்து, கோயில்ல பார்க்கிறவங்க எல்லாம் "சைவம் கிடைச்சுதா? என்ன சாப்பிட்டீங்க?"ன்னு கேட்கிறாங்க. இங்கேயே எழுதிடறேன். திருவிழா அன்னதானம் பற்றி நம்ம குழுவில் ஓடுற பேச்சுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்குங்க.

சைவம் தாராளமாகவே கிடைத்தது. எத்தியோப்பியாவின் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துவர்கள் புதனும் வெள்ளியும் விரதம் இருக்கிறவங்க. ஈஸ்டருக்கு முன்னால் 55 நாள் நீண்ட விரதம் வேறு. கறி, முட்டை மட்டுமில்லை, பால், நெய்கூட அப்போது கிடையாது. தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் பிடிக்கிற நம்ம ஆளுங்க மோர் குடிப்பாங்க, அவங்க அதுவும் தொடமாட்டாங்க! அதனால் விரதச் சாப்பாடு அங்கே தனிச் சமையலாகவே வளர்ந்திருக்கிறது. மைசூர் பருப்பில் காரமான குழம்பு, கடலை மாவில் ஷிரோ என்று கெட்டியாக ஒன்று, கீரை, கோசும் கேரட்டும் போட்ட பிரட்டல்.

இதெல்லாம் இஞ்சேரா என்ற அகலமான அப்பத்தின் மேல் வருகிறது. டெஃப் என்று ஒரு தானியம், கசகசா அளவுதான் இருக்கும். அந்த மாவைக் கரைத்து, சில நாள் புளிக்க வைத்து, பெரிய கல்லில் ஊற்றுகிறார்கள். ஆப்பம் மாதிரி திருப்பிப் போடுவதில்லை, மேலெல்லாம் கண் கண்ணாக விழுந்திருக்கும். நம்ம தோசையைவிடப் புளிப்பு தூக்கல். முதல் வாய் எனக்குப் பிடிக்கவில்லை, மூன்றாவது வாயில் பிடித்துவிட்டது.

எனக்குத் தயக்கம் வந்தது வேறு இடத்தில். நாலு பேருக்கும் ஒரே தட்டு. ஆளுக்கொரு பக்கத்திலிருந்து வலது கையால் பிய்த்து, குழம்பைச் சேர்த்து எடுத்துச் சாப்பிட வேண்டும். சின்ன வயசிலிருந்து "எச்சில் படக்கூடாது"ன்னு கேட்டு வளர்ந்த கை சும்மா போகுமா? அக்கா மகன் சிரிச்சான். அப்போது கடைக்காரரின் அம்மா, எழுபது வயசிருக்கும், பக்கத்தில் வந்து ஒரு வாய் உருட்டி என் வாய்கிட்டயே நீட்டிட்டாங்க. அதற்குப் பெயர் குர்ஷா. விருந்தாளிக்கும் வேண்டியவங்களுக்கும் ஊட்டிவிடுவது அங்கே மரியாதை. பேரப்பிள்ளை எடுத்த மனுஷன் நான், கூச்சமாத்தான் இருந்தது. வாயைத் திறந்தேன்.

நம்ம வழக்கம் வேறு. இலை தனித்தனி, பந்தி ஒன்று. நுனி இடது பக்கம் வர இலை போட்டு, தண்ணி தெளிச்சு, பக்கத்தில் யார் உட்காருறாங்கன்னு நாம முடிவு பண்ண முடியாது, எங்கே இடமோ அங்கே. அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஞாபகம் வந்தது சுங்கை சிப்புட் பக்கம் நம்ம தோட்டத்துக் கோயில் பந்திதான்.

ஆனா அந்தப் பந்தி எப்பவுமே அப்படி இருந்ததில்லை. எங்க ஆத்தா சொல்லுவாங்க: அவங்க கல்யாணமாகி வந்த காலத்துல, திருவிழாச் சாப்பாட்டில் சில லயத்து ஆளுங்களுக்குக் கடைசிப் பந்திதான். சிலருக்குக் கோயில் வேலிக்கு வெளியே. விடிகாலையில் ஒரே பெரட்டுக் களத்தில் நின்னு, ஒரே மரத்துப் பாலை வெட்டினவங்க! ஒரே வரிசையில் எல்லாரும் உட்கார்ந்தது பின்னால் வந்தது, சண்டை போட்டுத்தான் வந்தது. இளைஞர்களுக்கு இது தெரியணும்.

அப்புறம் தோட்டமே போயிடுச்சு. தோட்டத் துண்டாடல் நடந்த காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாசாமாசம் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். நம்ம தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இப்போ சுற்றிலும் செம்பனை. கோயிலும் ஆலமரமும் மட்டும்தான் மிச்சம். சனங்க ஈப்போ தாமான்களுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போயாச்சு. வருஷத்தில் ஒருநாள் வர்றாங்க. "நீ மூணாவது லயத்துப் பிள்ளையா?"ன்னு கேட்கிற கேள்வி சாமி கும்பிடும்போது வர்றதில்லை. ரசத்துக்கும் மோருக்கும் நடுவிலதான் வருது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். இந்த வருஷம் பந்தி வேண்டாம், எல்லாருக்கும் தப்பாவ் பண்ணிக் கொடுத்திடலாம்னு குழுவில் சிலர் சொல்றாங்க. அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பரிமாற ஆள் இல்லை, இருக்கிறவங்களுக்கு முட்டிவலி, இலை எடுத்துக் கூட்டிப் பெருக்க ராத்திரி பத்தாகுது. தைப்பூசத்தன்னிக்கு புந்தோங்கிலிருந்து கல்லுமலை வரைக்கும் நடக்கிற கூட்டத்துக்குப் பொட்டலம்தான் சரி. அங்கே பந்தி போட்டா நடக்குமா? நமக்கு வர்றது நானூறு பேர். பத்துப் பேருக்கு ஒரு கிலோன்னு வெச்சாலும் நாற்பது கிலோ அரிசி. பொட்டலத்தை வாங்கினவங்க காருக்குப் போயிடுவாங்க. காரில் ஏசி போட்டுச் சாப்பிடுறவரை யாரும் "எந்த லயம்?"னு கேட்க முடியாது. வயசானவங்களுக்கும் வர முடியாதவங்களுக்கும் கண்டிப்பா தப்பாவ் கொடுப்போம். மற்றவங்க உட்காரணும்ங்கிறது என் கட்சி. குழுவிலும் அதைத்தான் சொல்லியிருக்கேன்.

ஆள் இல்லைங்கிறதுக்கு மட்டும் பதில் வேணும். முதல்நாள் சாயங்காலம் காய் வெட்ட இருபது பேர், மறுநாள் பரிமாற முப்பது பேர் தேவை. பிள்ளைங்களைக் கூட்டிட்டு வாங்க, தண்ணி ஊற்றவும் உப்பு வைக்கவும் அவங்க போதும். சமையல் கத்தி நாலுதான் இருக்கு, அதுல ரெண்டு மொக்கை. வர்றவங்க வீட்டுக் கத்தியைக் கொண்டு வாங்க, பிடியில பேர் எழுதி ஒட்டிடுங்க. வர முடியும்னா கீழே பேரைப் போடுங்க. பசியாறல் நம்ம பொறுப்பு.