விரிசல் விட்ட ஜாடியும் வர்க்கமூலமும்

வாயுக்கள் விரவும் வேகம் அவற்றின் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்ற கிரஹாம் விதியைப் பள்ளிப் பருவத்தில் மனனம் செய்து ஒப்பித்தவன்தான் நானும். ஆயினும் அடர்த்தியை நேராக வைக்காமல் அதன் வர்க்கமூலத்தை யார், எதைக் கண்டு அங்கே கொண்டுவந்து வைத்தார் என்ற சந்தேகம் பின்னாளில் எழுந்து, பழைய சாஸ்திர நூல்களை என்னைப் புரட்ட வைத்தது.

கிளாஸ்கோவில் 1805-இல் பிறந்த தாமஸ் கிரஹாமின் கட்டுரைகளைத் தொகுத்து 1876-இல் அச்சிட்டிருக்கிறார்கள். அவற்றுள் விதியைக் கூறும் கட்டுரையை எடுத்தால், அது ஜெர்மனியின் யேனா நகரத்து டபரைனரிடம் நம்மை அனுப்பிவிடுகிறது. பிளாட்டினத்தின் துணையால் ஹைட்ரஜனைத் தானே தீப்பற்றச் செய்யும் விளக்கு ஒன்றைக் கண்டு புகழ்பெற்ற அந்த ரசாயனப் பேராசிரியர், 1823-இல், நீரின்மேல் கவிழ்த்த கண்ணாடி ஜாடியில் ஹைட்ரஜனைச் சேமித்தபோது, ஜாடியில் இருந்த மெல்லிய விரிசல் வழியே வாயு வெளியேறி, உள்ளே நீர் மேலேறி வந்ததைக் கண்டார். பிராணவாயுவையோ சாதாரணக் காற்றையோ நிரப்பினால் நீர் அசையவில்லை. விரிசலின் நுண்மையே இதற்குக் காரணம் என்று அவர் கருதினார்.

ஹைட்ரஜன் வெளியேறும் அதே வழியில் காற்றும் உள்ளே வருகிறது என்பதைக் கண்டவர் கிரஹாம். என் அபிப்பிராயத்தில் அவருடைய மேதைமை முழுவதும் இந்த ஒரு நோக்கில் அடங்கியிருக்கிறது. தற்செயலான விரிசலை நம்பியிராமல், கண்ணாடிக் குழாயின் மேல்வாயைப் பாரிஸ் சாந்தினால் அடைத்து, அழுத்தம் குறுக்கிடாதபடி உள்ளும் புறமும் நீர்மட்டத்தைச் சமமாகவே வைத்திருந்து, வெளியேறிய ஹைட்ரஜனுக்கு ஈடாக உட்புகுந்த காற்றை அவர் அளந்தார். ஒரு பங்கு காற்று உள்ளே வர, ஏறத்தாழ 3.8 பங்கு ஹைட்ரஜன் வெளியே போயிருந்தது. காற்று ஹைட்ரஜனைப் போல் சுமார் 14.4 மடங்கு அடர்த்தியுள்ளது, 14.4-இன் வர்க்கமூலமோ 3.8. நான் தேடிவந்தது சித்தாந்தத்தில் அன்று, இந்தச் சாந்தடைப்பில்தான் பிறந்திருக்கிறது. 1833-இல் அச்சேறிய அக்கட்டுரை விகிதத்தைக் காட்டியது, காரணத்தைக் காட்டவில்லை.

1846-இல் மெல்லிய உலோகத் தகட்டின் ஊசித்துளை வழியே வாயுக்களை வெற்றிடத்துக்குள் விட்டுப் பார்த்தபோதும் அதே வர்க்கமூலமே வந்தது. எனினும் இதைப் பாய்தல் என்றும் முன்னதை விரவுதல் என்றும் அவர் பிரித்தே வைத்தார். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் பிணைத்த குற்றம் பாடப்புத்தகக்காரர்களுடையது. ஒரே வெப்பநிலையில் எல்லா மூலக்கூறுகளுக்கும் சராசரி இயக்க ஆற்றல் ஒன்றே ஆதலால், இலேசானவை வேகமாக ஓடி, தமக்குள் மோதிக்கொள்ளாமலே துளையைக் கடந்துவிடுகின்றன. ஆகவே பாய்தலில் வர்க்கமூலம் நேராகவே கிடைக்கிறது. விரவுதலிலோ வழியெல்லாம் மோதல்.

மூலக்கூறுகள் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் பறப்பவை என்றால், அறையில் எழும் புகை ஏன் இவ்வளவு மெதுவாகப் பரவுகிறது என்று ஹாலந்துக்காரர் பைஸ் பாலட் கேட்ட கேள்விக்கு, ஒரு மோதலுக்கும் மறு மோதலுக்கும் இடையே மூலக்கூறு செல்லும் தூரம் மிகமிகச் சிறிது என்று 1858-இல் பௌதிக அறிஞர் கிளாசியஸ் பதிலளித்தார். அத்தூரத்தை 1860-இல் மற்றொரு பௌதிக அறிஞரான மாக்ஸ்வெல் கணித்தபோது, காற்றின் பிசுபிசுப்பிலிருந்து அங்குலத்தில் 4,47,000-இல் ஒரு பங்கு என்று ஒரு விடை வந்தது. நியூட்டன் முன்பு வகித்த நாணயச்சாலைத் தலைமைப் பதவியில் அப்போது அமர்ந்திருந்த கிரஹாமின் பழைய விரவல் அளவுகளிலிருந்து 3,89,000-இல் ஒரு பங்கு என்று மற்றொன்று வந்தது.