பூட்டினால் மட்டும் போதுமா?

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபொழுது, எமது தொழிலோடு ஒட்டிய பொருளொன்றையே எடுத்துக்கொள்ளத் துணிந்தோம். கணினிக்கு நிரல் எழுதுதலே எமது சீவனம். ஒரு நிரல் இணையவழியே மற்றொரு கணினியிடம் தரவு கேட்கும்பொழுது வேண்டப்படும் காவலைப் பற்றிச் சில கூறுவோம்.

எச்.ரி.ரி.பி. முறையிற் செல்லும் செய்தி தபாலட்டை போன்றது. இடையிலுள்ளார் எவரும் வாசிக்கலாம். எச்.ரி.ரி.பி.எஸ். முறையில் அது உறையிலிட்டு ஒட்டப்பெறுகின்றது. ஆயினும் ஒட்டிய உறையை வஞ்சகன் கையிலேயே கொடுத்துவிட்டால் பயன் யாது? ஆதலின் மறுமுனைக் கணினி முதலில் தன் சான்றிதழைக் காட்டும். அதிலுள்ளது நாம் அழைத்த பெயர்தானா, தவணை கடந்துவிட்டதா, நாம் நம்பும் அதிகாரபீடமொன்றின் ஒப்பத்தில் அது சென்று முடிகின்றதா என எமது நிரல் ஆராய்தல் வேண்டும். காணி வாங்குவோர் முன்னைய உறுதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது போன்றதே இது. பைதன் மொழியோடு வரும் நூலகம் நெடுங்காலம் இவ்வாராய்ச்சியைத் தானாகச் செய்ததில்லை. 2014 டிசம்பரில் வெளியான 2.7.9ஆம் பதிப்பிலேதான் அது வழமையாயிற்று.

ஓர் அலுவலகத்தில், வாடிக்கையாளரின் கணக்குகளை எடுத்துவரும் நிரலிலே, சான்றிதழைச் சரிபார்க்க வேண்டா என்னும் கட்டளை இருக்கக் கண்டோம். பிழைச்செய்தி தோன்றிய ஒருநாள் அவசரத்துக்கு எழுதிய வரி நான்காண்டு நிலைத்துவிட்டது. உலாவியில் அத்தளம் ஒழுங்காகத் திறந்தமையால் எவரும் ஐயுறவில்லை. மூலபீடத்துக்கும் தனக்கும் இடைப்பட்ட சான்றிதழை வழங்கி அனுப்பாமையே காரணம். உலாவிகள் பல அதனைத் தாமே தேடிக்கொள்ளும். நிரல்கள் பெரும்பாலும் தேடா. வழங்கியைத் திருத்த அரைமணி நேரமே சென்றது. அந்நான்காண்டில் இடைநின்று எவரேனும் கேட்டனரா என்பதை அறியத்தான் வழியில்லை.

இத்தகைய இடைமறிப்பு வெறுங்கற்பனையன்று. 2011இல் ஒல்லாந்து நாட்டு டிஜிநோட்டார் என்னும் அதிகாரபீடத்துட் புகுந்தோர் கூகிளின் பெயரிற் போலிச் சான்றிதழ் பெற்றனர். ஈரான் நாட்டுப் பயனாளர் பலர் அதனால் ஒற்றறியப்பட்டனர். அங்கே ஒரு பீடத்தையே உடைக்க வேண்டியிருந்தது. சரிபார்ப்பை நிறுத்திய நிரலை ஏமாற்றவோ, வழியிடை நிற்பவன் தானே எழுதிக்கொண்ட சான்றிதழ் போதும்.

மாணவத் தம்பியரே, நிரல் எழுதும் தொழிலை நாடி வருவீராயின், பிழைச்செய்தி கண்டவிடத்துக் காரணத்தைத் தேடுங்கள். நிறுவனத்துள் வழங்கும் தனிச் சான்றிதழாயின், அதற்கு ஒப்பமிட்ட மூலச் சான்றிதழை நிரலுக்குக் காட்டிக்கொடுங்கள். பிறர் நம்பி ஒப்படைத்த கணக்கும் கடவுச்சொல்லும் அவ்வழியே செல்கின்றன என்பதை மறவாதீர்கள்.