ஏரி கோடி போகிறது

கோடி என்றதும் உங்களுக்குப் பணம்தான் ஞாபகத்துக்கு வரும். மதுராந்தகம், உத்திரமேரூர் பக்கத்துக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மழைக்காலத்தில் அவர்கள் போன் பண்ணி, ‘ஏரி கோடி போவுதுப்பா’ என்றால், ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கல் வழியாக வெளியேறுகிறது என்று அர்த்தம். எனக்குச் சம்பளம் ஏறிய செய்தியைக்கூட என் அம்மா இத்தனை சந்தோஷமாக யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் ஊர் ஏரி சின்னது. 12 அடி உயரத்தில் மண்கரை, இரண்டு மதகு, ஒரு கலங்கல். அவ்வளவுதான். மேலூர் ஏரி நிரம்பினால் அந்தத் தண்ணீர் எங்களுக்கு வரும். எங்களுடையது நிரம்பினால் கீழூருக்குப் போகும். கொட்டுகிற மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்புகிற வேலையை இந்த ஏரிகள்தான் பார்க்கின்றன. நடுவில் ஒன்று உடைந்தால், மொத்தத் தண்ணீரும் ஒரே மூச்சில் அடுத்த ஏரியின் தலையில் போய் விழும். தமிழ்நாட்டில் இப்படிச் சுமார் 39 ஆயிரம் ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. 2021-ல் அணைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் சிலவும் அதற்குள் வரும். எங்கள் கரையெல்லாம் அந்தச் சட்டத்தின் கண்ணிலேயே படாது.

அப்புறம் யார்தான் பார்த்துக்கொண்டார்கள்?

ஒரு பெரியவர். ஊரின் நீர்கட்டி. எந்த வயலுக்கு எத்தனை நேரம் தண்ணீர், மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது எல்லாம் அவர் கையில். அறுவடையின்போது களத்தில் அளக்கும் நெல்தான் கூலி. கரைக்குக் கீழே இருந்த காலனியில் அவர் வீடு. கரை உடைந்தால் தண்ணீர் முதலில் நுழைவது அவர் வீட்டுக்குள்தான். என் அப்பா அவரை ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிடுவார். அப்பாவைவிட அவர் ஐந்து வயது மூத்தவர். நான் ‘பெரியவரே’ என்று கூப்பிட ஆரம்பித்ததே பட்டணத்துக்கு வந்து நாலு புத்தகம் படித்த பிறகுதான்.

2015 டிசம்பர் 1. அப்பாவின் திதிக்காக ஊருக்குப் போயிருந்தேன். தாம்பரத்தில் அன்றைய மழை மட்டும் 49 சென்டிமீட்டர் என்று பிற்பாடு படித்தேன். எங்கள் ஊரில் அளக்க யார் இருந்தார்கள்? முற்றத்தில் வைத்த அண்டா எத்தனை தடவை நிரம்பியது என்பதுதான் கணக்கு. கரண்ட் இல்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பெரியவர் வாசலில் வந்து நின்றார். தலையில் உரச் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். கையில் கம்பு.

“தம்பி, உங்க டார்ச்ச எடுத்துக்கினு வாங்க.”

கரைமேல்தான் நடப்பார் என்று நினைத்தேன். அவரோ வெளிச்சரிவின் அடிவாரத்தில், சேற்றில் இறங்கி நடந்தார். “மேல நடந்தா தண்ணிதான் தெரியும். கீழ நடந்தாத்தான் கரை தெரியும்” என்றார். ஓர் இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து விரல் பருமனில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. டார்ச்சைப் பிடிக்கச் சொல்லி, உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். தெளிவாக இருந்தது. “இது போவட்டும், எந்நாளும் கசியிறதுதான்.” மதகை ஒட்டி இன்னொரு ஊற்று. இந்தத் தடவை உள்ளங்கையில் செம்மண் கலங்கல். அவர் முகம் மாறிவிட்டது. கலங்கி வந்தால், கரைக்குள் இருக்கும் மண்ணைத் தண்ணீர் தின்றுகொண்டே வருகிறது என்று அர்த்தமாம்.

நான் அவசரமாக ஒரு மண்மூட்டையை எடுத்து அந்த ஓட்டையின் மேல் வைக்கப் போனேன். “ஐயையோ, வாய அடைக்காதீங்க! வேற எடத்துல பொத்துக்கும்” என்று தடுத்தார். காலனிப் பையன்கள் பத்துப் பேர் வந்தார்கள். ஊற்றைச் சுற்றி உறை மாதிரி வட்டமாக மூட்டை அடுக்கினார்கள். உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஏறி நின்றது. ஏறிய தண்ணீரின் எடை ஊற்றை எதிர்த்து அழுத்த, வேகம் அடங்கிவிட்டது. மூட்டைமேல் வழிந்த தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. பல வருஷம் கழித்து ஒரு இன்ஜினீயர் நண்பரிடம் சொன்னேன். அவர்கள் பாடப் புத்தகத்திலும் இதேதான் இருக்கிறதாம்.

கரையில் ஏன் இத்தனை ஓட்டை? ஒரு காலத்தில் கரை நெடுக பனைமரம் நின்றது. செங்கல் சூளைக்கு வெட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் சீமைக்கருவேலம் வந்தது. அதை வெட்டினால் வேர் உள்ளேயே மக்கி, குழாய் மாதிரி துவாரம் நிற்கும். பாக்கியை எலியும் நண்டும் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து கலங்கலுக்குப் போனோம். நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கலங்கல் மேல் ஒரு முழ உயரத்துக்கு மணல் மூட்டை அடுக்கியிருந்தது. ‘ஒரு முழம் தண்ணி ஏறினா இன்னொரு போகம் நெல்லு’ என்பார் அப்பா. முப்பது வருஷம் ஐப்பசியில் அவர்தான் முன்னால் நின்று அடுக்க வைப்பார். அவருக்குப் பிறகு பெரியப்பா மகன். சாதாரண மழைக்கு இது சரி. அன்றைக்குத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல், கரையின் தலைக்குச் சாண் உயரம் பாக்கி என்று நின்றது. மண்கரை மேல் தண்ணீர் வழிய ஆரம்பித்தால் பிறகு எதுவும் செய்ய முடியாது. வெளிச்சரிவை அரித்து அரித்து வாய் பிளந்துவிடும்.

“மூட்டைய எடுத்துடலாம்” என்றார் பெரியவர். அண்ணன் குறுக்கே நின்றான். “எடுத்தா பிளாட்டுக்குள்ள பூந்துடும்.”

ஆமாம், பிளாட். கோடி போகும் வாய்க்காலை ஒட்டியிருந்த நிலத்தை அண்ணன் மனை போட்டு விற்றிருந்தான். இருபதடி வாய்க்கால், ரோட்டுக்கு அடியில் இரண்டு சிமென்ட் குழாயாகச் சுருங்கிவிட்டது. ஏழு வீடுகள் வந்துவிட்டன. காலியாகக் கிடந்த மனைகளில் வாய்க்காலை ஒட்டிய ஒன்று என்னுடையது. ஒரு கிரவுண்டு. 2009-ல் ‘நீயும் ஒண்ணு போட்டு வைடா’ என்று அண்ணன் சொல்ல, நானும் பி.எஃப். பணத்தில் போட்டு வைத்தேன்.

உத்திரமேரூர் கல்வெட்டை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம் என்றே தனிக் குழு. முன்னால் பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய சொந்தக்காரர்களும் குடவோலையில் நிற்க முடியாது. எங்கள் குடும்பத்தில் ஒருத்தரும் தேறியிருக்க மாட்டோம்.

பெரியவர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க தம்பி, படிச்சவங்க.” நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெறும் மனைதான், வீடுகூட இல்லை. இருந்தும் வாய் வரவில்லை.

அவர் காத்திருக்கவில்லை. பையன்களை அனுப்பி ஏழு வீட்டுக்காரர்களையும் எழுப்பி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டார். பிறகு அவரே கலங்கலில் இறங்கி முதல் மூட்டையை இழுத்தார். அண்ணன் அவரைத் திட்டிய வார்த்தைகளை இந்தப் பக்கத்தில் எழுத முடியாது. விடிவதற்குள் தண்ணீர் இரண்டடி இறங்கியது. மனைகளில் இடுப்பளவு வெள்ளம். கரை நின்றது. காலனி நின்றது.

மதுராந்தகத்தில் ஏரி காத்த ராமர் கோயில் இருக்கிறது. 1790-களில் அங்கே கலெக்டராக இருந்தவர் லியோனல் பிளேஸ். கரை உடையப் போகிறது என்ற பயத்தில் அடைமழை ராத்திரியில் பார்க்கப் போனவருக்கு, வில்லோடு இரண்டு பேர் கரையைக் காவல் காப்பது தெரிந்ததாம். தாயார் சந்நிதி அவர் கட்டிக் கொடுத்தது என்று கல்வெட்டு இருக்கிறது. எல்லோரும் ராமரைப் பற்றியே பேசுகிறார்கள். நான் அந்தக் கலெக்டரை நினைத்துக்கொள்வேன். அந்த மழையில், அந்த ராத்திரியில் கரைமேல் போய் நின்றாரே மனுஷன்!

எங்கள் பெரியவர் 2019-ல் காலமாகிவிட்டார். அவர் மகன் சென்னையில் ஓர் அபார்ட்மென்ட்டில் வாட்ச்மேன். நடுவில் ஒருமுறை கரையில் புது மண் கொட்டி, போர்டு வைத்தார்கள். போர்டு நன்றாக இருக்கிறது. இப்போது மழை வந்தால் எனக்கு ஊரிலிருந்து ஏரி வீடியோ வருகிறது. எல்லாமே கரைமேலிருந்து எடுத்தது.

என் மனைப் பத்திரம் இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. போன மாசம் ஒருத்தர் விலை கேட்டுப் போன் பண்ணினார். நல்ல விலை. மகள் கல்யாணத்துக்கு உதவும். எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், “தண்ணி கிண்ணி நிக்குமா சார்?” என்று கேட்டார்.

“டிசம்பர்ல ஒரு தடவ வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றேன். அவர் மறுபடி கூப்பிடவில்லை. அண்ணன்தான் கூப்பிட்டான்.