மூணு மவுண்ட்டும் ஒரு தீபாவளி போட்டோவும்

போன சனிக்கிழமை ராத்திரி வீட்டு லினக்ஸ் பொட்டி பூட் ஆகாம படுத்துடுச்சு மக்கா. லைவ் யுஎஸ்பி போட்டு, டிஸ்க்கை மவுண்ட் பண்ணி, சிஎச்ரூட் அடிச்சு உள்ளே போய் கிரப் இன்ஸ்டால் பண்ணா, ரூட்டுக்கு டிவைஸே காணோம்னு எர்ரர்.

ஃபார்மட் பண்ணிடலாம்னு கை பரபரத்துச்சு. ஆனா அதுலதான் அப்பாவோட கடைசி தீபாவளி போட்டோ இருக்கு. பேக்கப் கிடையாது.

எர்ரரை மறுபடி முழுசா படிச்சேன். அடைப்புக்குறிக்குள்ளே "டெவ் மவுண்ட் ஆகியிருக்கா?"ன்னு அதுவே கேட்டிருந்துச்சு! டெவ், ப்ராக், சிஸ் மூணும் டிஸ்க்குல கிடக்குற ஃபைல் இல்லை; ஓடுற கெர்னல் நமக்குக் காட்டுறது. சிஎச்ரூட்டுக்குள்ளே தானா வராது. வெளியே வந்து மூணையும் பைண்ட் மவுண்ட் பண்ணிட்டு உள்ளே போனதும் கிரப் சமத்தா ஏறிடுச்சு.

காலையில முதல் வேலையா போட்டோவை அம்மா போனுக்கு அனுப்பினேன். இப்போ பேக்கப்பும் ஆச்சு :-)