போகிற வழியிலேயே காட்சிக்கூடம்

சாந்திநிகேதனில் கூரைக் குடிசையின் சாயலில் ஒரு சின்ன மண் கட்டடம் இருக்கிறது. சுவர் முழுக்க மண்ணும் தாரும். பெயர் சைத்யம். கலைஞர்கள் நந்தலால் போஸும் சுரேந்திரநாத் கரும் சேர்ந்து உருவாக்கியது. விசுவபாரதி பல்கலைக்கழகத்தின் நுண்கலைக் கல்லூரியான கலா பவனத்தில் உருவாகும் படைப்புகளில் ஒன்றிரண்டை எடுத்து வைத்து, அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும் என்பதற்காகவே கட்டினார்கள்.

கலைக்கல்லூரிக்கு என்னென்ன வசதி வேண்டும் என்று கேட்டால், இருக்கை எத்தனை, சதுர அடி எவ்வளவு என்றுதான் பேச்சு தொடங்கும். 1919இல் தொடங்கிய கலா பவனம் வேறு கணக்குப் போட்டது. படைப்பைத் தேடி ஆள் வருவதற்குமுன், ஆள் நடமாடும் இடத்துக்குப் படைப்பு போய்விட வேண்டும்.

சிற்பி ராம்கிங்கர் பெய்ஜின் ‘சந்தால் குடும்பம்’ இதற்கு நல்ல சாட்சி. 1938இல் செய்த சிலை. ஆள் உயரத்தைவிடப் பெரிது. வீர்பூம் மாவட்டத்துச் செம்மண் சரளையையும் சிமெண்டையும் குழைத்து, கம்பிக் கூட்டின்மேல் அள்ளி அள்ளி அப்பியிருக்கிறார். கணவன் தோளில் காவடித்தண்டு. அதில் தொங்கும் கூடையில் குழந்தை. பக்கத்தில் தலைச்சுமையோடு மனைவி. கூடவே ஒரு நாய். கிட்டே போய்ப் பார்த்தால் சரளைக்கல் ஒவ்வொன்றும் துருத்திக்கொண்டு தெரியும். அதே மண்ணில் நடந்து வேலைக்குப் போகிற சந்தால் பழங்குடி மக்கள், தங்களைப் போன்றவர்களின் உருவத்தை அனுமதிச்சீட்டு இல்லாமல் பார்க்க முடிந்தது.

மாணவர் விடுதியும் காட்சிக்கூடமானது. 1934இல் வேலை தொடங்கிய ‘கருப்பு வீட்டின்’ வெளிச்சுவர்களில் பார்ஹுத், எகிப்து, அசீரியச் சிற்பங்களின் வடிவங்களை மாணவர்களும் ஆசிரியர்களும் புடைப்பாகச் செய்தார்கள். மழையும் கரையானும் மண்சுவரைத் தின்றுவிடாமல் இருக்கத் தார் பூசினார்கள். கலை வரலாற்றைப் படிக்க அங்கே புத்தகம் திறக்க வேண்டியதில்லை. அறைக்குப் போகும்போதே பாடம் எதிரே நிற்கும்.

நாடகமும் சுவர் ஏறியது. தாகூரின் ‘நடீர் பூஜா’ 1926இல் சாந்திநிகேதனில் அரங்கேறியபோது, நந்தலாலின் மகள் கௌரி, ஸ்ரீமதி என்ற பாத்திரமாக ஆடினார். மேடை நிகழ்ச்சி அன்றோடு முடிந்துவிடும். 1942இல் நந்தலால் அதைச் சீன பவனத்தின் சுவரில் ஓவியமாக்கினார். சீன மொழி படிக்க வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் அன்றாடக் காட்சியாயிற்று.

இதற்கெல்லாம் விலை உண்டு. வெயிலும் மழையும் திறந்தவெளிக் கலையை அரித்துக்கொண்டே இருக்கும். காகித ஓவியத்தை வெளியில் வைக்கவே முடியாது. அதனால்தான் ‘நந்தன்’ என்ற காட்சிக்கூடமும் வளாகத்தில் தேவைப்படுகிறது. ஆனால் பராமரிப்பைப் பூட்டிய அறைக்குள் மட்டும் ஒதுக்கிவிட முடியாது; வெளிச்சுவர்களையும் புதுப்பிக்க வேண்டும். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 1944இல் கலா பவனத்துக்கு வந்த ஓவியர் கே.ஜி. சுப்ரமணியன் அதைத்தான் செய்தார். வடிவமைப்புத் துறைக் கட்டடத்தின் வெளிச்சுவர்களில் தாம் முன்பு தீட்டிய கருப்பு வெள்ளை ஓவியத்தை 2009இல், 85 வயதில், புதிதாக வரைந்தார். பழையதை அப்படியே நகலெடுக்காமல் வேறு உருவங்களைக் கொண்டுவந்தார்.

ஆண்டுதோறும் டிசம்பர் 1, 2 தேதிகளில், நந்தலாலின் பிறந்தநாளை ஒட்டி, வளாகமே கடைவீதியாகிவிடும். நந்தன் மேளா என்று பெயர். மாணவர்கள் செய்த நாட்காட்டி, சுடுமண் நகை, அச்சோவியம், பீங்கான் கிண்ணம் எல்லாம் விற்பனைக்கு வரும். பெரிய ஓவியம் வாங்க வசதியில்லாதவரும் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம். விற்ற பணம் மாணவர் நலநிதிக்குப் போகிறது. உடம்புக்கு முடியாமல் போகும் மாணவருக்கு அந்த நிதி கைகொடுக்கிறது.