946 மில்லிமீட்டரை வரைவது எப்படி?

2023 டிசம்பர் 18 காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரே நாளில் காயல்பட்டினத்தில் பெய்தது 946 மில்லிமீட்டர். திருச்செந்தூரில் 689, ஸ்ரீவைகுண்டத்தில் 618. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுக்கப் பெய்வதே சுமார் 650தான். இந்த எண்களை வைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் ஒருவர் உடன்குடிப் பக்கம் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

பத்தாம் வகுப்பு. பனையேறிக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர். ஆங்கிலம் காதில் விழுவது பள்ளிக்கூடத்தில் மட்டும்தான். டீச்சர் எண்களைக் கரும்பலகையில் எழுதி, கிராஃப் தாளைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். எந்த அளவில் வரைவது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்ய வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கு 50 மில்லிமீட்டர் என்று வைத்தவர்களுக்குக் காயல்பட்டினம் 19 சென்டிமீட்டரில் அடங்கியது. ஒரு பையன் 20 என்று வைத்துவிட்டான். 47 சென்டிமீட்டர் வேண்டும், தாளில் இடமில்லை. “டீச்சர், பேப்பர் பத்தாது” என்றவனை, அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னார். தட்டுத் தடுமாறிச் சொன்னான். ஏன் பத்தாது என்று அடுத்த கேள்வி. ‘பிகாஸ்’ போட்டு அவனாகவே ஒரு வாக்கியத்தைக் கட்டினான். வாக்கியம் முடியும்வரை அவர் குறுக்கே திருத்தவே இல்லை. இந்தப் பொறுமைதான் அவர் தொழிலின் உயிர் என்று எனக்குப் பட்டது.

பிறகு 204.4-இல் ஒரு சிவப்புக்கோடு. அதைத் தாண்டினால் வானிலைத் துறை அதிகனமழை என்று சொல்லும். மூன்று ஊர்களின் பட்டைகளுமே அந்தக் கோட்டை எங்கோ கீழே விட்டுவிட்டு நின்றன.

“ஏரல் எங்க டீச்சர்?” என்றாள் ஒரு பெண். அவள் அத்தை வீடு அங்கே. தாமிரபரணி புகுந்து ஊரே மூழ்கியிருந்தது. ஆனால் பலகையில் எழுதிய மழைக் கணக்கில் ஏரல் இல்லை. அங்கிருந்துதான் பேச்சு சூடுபிடித்தது. ஏரலுக்கு வந்தது ஏரலில் பெய்த தண்ணீர் மட்டுமல்ல. மலையிலும் வழியெங்கும் பெய்தது ஆற்றில் சேர்ந்து வந்தது. இங்கே உடன்குடிப் பக்கத்துத் தேரிகளில் செம்மணல் மழையை வேகமாகக் குடித்துவிடும். உயரமான பட்டை என்றால் பெரிய சேதம் என்று சொல்லிவிட முடியாது. இதைச் சொல்ல ‘ஆல்தோ’ தேவைப்பட்டது. தேவைப்பட்ட அந்த நேரத்தில்தான் டீச்சர் அதைக் கொடுத்தார். ‘தி கிராஃப் ஷோஸ்’ என்று தொடங்கும் நாலு வரியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வரைபடத்தோடு மல்லுக்கு நிற்கும் பிள்ளைகளை இங்கேதான் பார்த்தேன்.

அந்த வெள்ளத்தில் இறந்தவர்களின் எண்ணிக்கையை அவர் வரையச் சொல்வதில்லை. “அந்த வீட்டுப் பிள்ளைகளும் என் முன்னால உக்காந்திருக்கலாம்லா” என்றார். பேரிடர்ப் பாடத்தில் அதை விடலாமா என்ற எண்ணத்தோடு போனவன் நான். அவர் பக்கம்தான் நியாயம்.

மாலையில் மழைச் சேதத்தைக் கேட்டறியப் பிள்ளைகளோடு ஒரு விடிலிக்குப் போனேன். பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றும் ஓலைக்கொட்டகை அது. டிசம்பரில் பதநீர்ப் பருவம் இல்லை; ஆனால் விலை ஏறட்டும் என்று இருப்பு வைத்திருந்த கருப்பட்டி? “ஈரக்காத்துல வேர்த்து ஒழுகிட்டு அண்ணாச்சி” என்றார் அங்கிருந்த பனையேறி. எவ்வளவு என்று பிள்ளைகள் கேட்டதற்குப் பெட்டிக் கணக்கில் சொன்னார். ஒரு பெட்டி எத்தனை கிலோ என்று அடுத்த கேள்வி. பெட்டிக்குப் பெட்டி மாறும் என்றார். குறித்துக்கொண்டிருந்த பெண்ணிடம், “இத எழுதி யார்ட்டம்மா குடுக்கப்போற?” என்று கேட்டார்.

அதற்கு அவளிடம் பதிலில்லை. மறுநாள் டீச்சர் அதையே பாடமாக்கினார்: மாவட்ட ஆட்சியருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம், இணைப்பாக வரைபடம். வரைபடத்தில் பெட்டி என்று போடுவதா, கிலோ என்று போடுவதா என்பதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அது தீர்ந்த பிறகுதான் கடிதம் போகும்.