கருப்பனுக்கு ஒரு சொல்

புலம்பெயர்ந்து வாழ்வோர் இல்லங்களில் மொழிகள் விருந்தினராய் வந்து வீட்டாராகவே தங்கிவிடுவதுண்டு. ஹிஞ்சேவாடியில் குடியேறிய நம் இல்லத்திலும் அவ்வாறே நிகழ்ந்தது. மத்திய அரசு அலுவலக எழுத்தராகிய நாம் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் குறிப்பெழுதுகிறோம். மகன் ஆங்கிலத்திலும் மகள் இந்தியிலும் பேசுகின்றனர். தெருவில் தமிழ் பேச மகளுக்கு நாணம். நம் அன்னையாரோ திருநெல்வேலித் தமிழை விட்டு ஓரடியும் நகர்ந்ததில்லை. இத்தனைக்கும் நடுவே, மழைக்கால மாலையொன்றில் தெருவோரம் நனைந்து நின்ற கரிய நாய்க்குட்டி ஒன்று வந்து சேர்ந்தது. அன்னையார் அதற்குக் கருப்பன் எனப் பெயரிட்டார்.

கருப்பனை அமரச் செய்ய நாம் 'உட்கார்' என்போம். மகன் 'சிட்' என்பான். அன்னையார் 'சும்மா இரு' என்பார். வீட்டுவேலைக்கு வரும் மராத்திய அம்மையார் 'பஸ்' என்பார். மராத்தியில் அதற்கு 'உட்கார்' என்பது பொருள். மகளோ, குரைத்தது போதும் என்பதற்கு இந்தியில் அதே 'பஸ்' என்பாள். கருப்பன் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அதற்கு மந்த புத்தி என்றே எண்ணியிருந்தோம்.

சென்ற கார்த்திகையில் ஓரிரவு, மக்களுடன் கருப்பனை நடத்திச் சென்றோம். தகவல் தொழில்நுட்பப் பூங்காவின் பேருந்துகளும் தண்ணீர் லாரிகளும் ஓயாத சாலை அது. எதிர்ப்புறம் நாயொன்று குரைக்கவே, கருப்பன் பாய்ந்தது. வார் நம் கையினின்று நழுவியது. 'நில்' என்றோம் நாம். 'கம்' என்றான் மகன். 'நோ' என்றாள் மகள். கருப்பன் திகைத்து நடுச்சாலையிலேயே நின்றுவிட்டது. விரைந்து வந்த லாரி நான்கடித் தொலைவில் நின்றது. நாயின் உடல் தெரியவில்லை என்றும், விளக்கொளியில் அதன் கண்கள் மின்னியதைக் கண்டே நிறுத்தியதாகவும் ஓட்டுநர் கூறினார்.

அன்றிரவு எவரும் சரியாக உண்ணவில்லை. நாயை நாம் கடிந்துகொண்டபோது அன்னையார், "நாயக் குத்தஞ் சொல்லாதலே. நாலு பேரு நாலு பேச்சு பேசுனா அது எந்தப் பக்கம் வரும்?" என்றார். ஒரே கோப்பில் நான்கு பிரிவுகள் நான்கு விதமாய்க் குறிப்பெழுதினால் கோப்பு நகராது என்பதை இருபதாண்டுகளாய் அறிந்த நமக்கு, இஃது உறைக்கவில்லையே!

பின்னர்ப் படித்தறிந்தோம். மெக்சிகோவிலிருந்து தம் நாயுடன் ஹங்கேரி நாட்டுப் புடாபெஸ்ட் நகருக்குக் குடிபெயர்ந்த லாரா குவாயா என்னும் ஆய்வாளர், புதிய மொழியைத் தம் நாய் உணருமா என்று வியந்தார். 18 நாய்களை ஆராய்ந்து 2022-இல் வெளியான அவர்தம் ஆய்வு, பழகிய மொழியையும் பழகாத மொழியையும் நாயின் மூளை வேறுபடுத்தி அறிகிறது எனக் காட்டியது. அதே நகரில் 2016-இல் வெளியான மற்றோர் ஆய்வின்படி, பாராட்டுச் சொல்லும் பாராட்டும் தொனியும் ஒருங்கே அமைந்தபோதுதான் நாயின் மூளை அதனைப் பரிசாகக் கொள்கிறதாம். குறை கருப்பனிடத்தில் இல்லை.

'உட்கார்', 'நில்', 'வா' என்னும் மூன்று சொற்களைத் தமிழிலும் தேவநாகரியிலும் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினோம். ஒருமுறையே சொல்லுதல், ஒரே தொனியில் சொல்லுதல், கேட்ட மறுகணமே தின்பண்டம் தருதல் என விதி வகுத்தோம். பகலில் கைச்சைகையும் துணை செய்யும். இருளில் நம்மை நோக்காது ஓடும் நாய்க்குச் சொல் ஒன்றே கயிறு. இப்பொழுது கழுத்துப்பட்டையில் ஒளி மின்னும் நாடா தைத்திருக்கிறோம். வாரினைக் குறுகப் பிடித்து, எதிர்வரும் வண்டிகள் தெரியுமாறு சாலையின் வலப்புறமாக, நாயை ஓரத்தில் விட்டு, கைவிளக்குடன் நடக்கிறோம். மராத்திய அம்மையார் 'நில்' என்பதை நம்மினும் திருத்தமாக உச்சரிக்கிறார்.

சென்ற வாரம் அதே இடத்தில் தெருநாய்கள் குரைத்தன. அன்று வார் மகள் கையில் இருந்தது. அவளுடைய தோழியர் எதிரே வந்துகொண்டிருந்தனர். "நில்" என்றாள் உரக்க. கருப்பன் நின்றது, பின் அவளைத் திரும்பிப் பார்த்தது. தெருவில் அவள் உரத்துச் சொன்ன முதல் தமிழ்ச்சொல் அதுவே என்று நினைக்கிறோம்.